இதையும் மருத்துவரிடம் பேசலாம்

“கல்யாணம் ஆகிவிட்டதா? எத்தனை பிள்ளைகள்?” மருந்தகத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்தாம். தன்பாலின ஈர்ப்புள்ள பெண்களுக்கோ பதில் சொல்வதே பெரும்பாடு. அதற்கு அஞ்சியே மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உண்டு.

யாரை விரும்புகிறோம் என்பதால் மார்பகப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் பிள்ளை பெறாதது, தாய்ப்பால் கொடுக்காதது, மதுப் பழக்கம் ஆகியவை அபாயத்தைச் சற்றுக் கூட்டும். பிள்ளைகளைப் பற்றி மருத்துவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்பை இறுக்கமான உள்ளாடையால் மறைப்பவர்களும், தங்களைப் பெண்ணாகவே உணராதவர்களும் இருக்கிறார்கள். தம் மார்பகத்தைப் பார்க்கவே கூசும் ஒருவருக்கு, அதை இன்னொருவர் தொடுவது எளிதல்ல. அந்தக் கூச்சத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். மார்பகம் இருக்கும்வரை பரிசோதனையும் தேவை.

சிங்கப்பூர்ப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுதான். 50 வயதை எட்டியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க வேண்டும். 40 முதல் 49 வயதுக்குட்பட்டவர்கள் மருத்துவரைக் கலந்துபேசி ஆண்டுதோறும் எடுக்கலாம். கட்டியோ தோல் சுருக்கமோ காம்பில் கசிவோ தென்பட்டால், எந்த வயதிலும் தாமதிக்கக்கூடாது.

மகளின் வாழ்க்கையை இன்னும் ஏற்க முடியாத பெற்றோரும் ஒன்று கேட்கலாம்: “பரிசோதனைக்கு நானும் கூட வரட்டுமா?”