சாணைக்கல்லையும் தட்டிப் பாருங்கள்

கிரைண்டர் என்றதும் இட்லிக்கு மாவு அரைக்கிற இயந்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். இது வேறு கிரைண்டர். மோட்டாரின் இரு பக்கமும் கல் சக்கரங்கள் சுழல, கத்திக்கும் அரிவாளுக்கும் சாணை பிடிக்கிற பெஞ்சு கிரைண்டர். "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள், அம்மா! கெட்டுப் போவது நம் அரிவாள்மணையும் வெட்டுக்கத்தியும் அல்லவா?

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக்கு இந்த இயந்திரம் வந்த புதிது. பக்கத்து வீட்டு அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவள். கல்லில் விழுந்து வாய் உடைந்த கத்தியைக் கொண்டு வந்தாள். "ஒரே நிமிஷம்" என்று என் வீட்டுக்காரர் வாங்கினார். பொறி பறந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்காவின் முகம் மட்டும் சுண்டிவிட்டது.

"ஏ தங்கச்சி, வாயெல்லாம் நீலம் பாய்ஞ்சு போச்சே! நாளைக்கு எதைக் கொண்டு வெட்டுவேன்?"

அவள் பயந்தது நியாயம். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் எஃகு அப்படி நீலமாகும். அதோடு அதன் பதம் போய், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்படலம் காயப்படும். புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரமும் பாழ், கூலிக்கும் கேடு.

குற்றம் யாருடையது? பாதி என் வீட்டுக்காரருடையது, பாதி கல்லினுடையது. இயந்திரத்தோடு வந்த சாம்பல் நிறக் கல் கெட்டியானது. இரும்புச் சாமான்களின் பிசிறு நீக்க அது போதும். கத்திக்கு வெள்ளைக் கல் கேளுங்கள். அதன் மேல் 60 அல்லது 80 என்ற எண்ணும், ஜே அல்லது கே என்ற எழுத்தும் இருந்தால் நல்லது. எண், மணியின் பருமனைச் சொல்வது. எண் கூடினால் மணி நைஸாகும். எழுத்து, கல்லின் கெட்டி. 'ஏ' மிருது, 'இஸட்' மகா கெட்டி. கெட்டியான எஃகுக்கு மிருதுவான கல்லா என்று கேட்பீர்கள். மழுங்கிய மணிகள் உதிர்ந்து புது மணிகள் தலைகாட்ட வேண்டும். உதிராத கல் வெட்டாமல் உரசி உரசிச் சூட்டைத்தான் கிளப்பும். பச்சைக் கல் கார்பைடு முனைகளுக்கு, நமக்கு வேண்டாம்.

இதில் நமக்குப் பெருமையான சங்கதி ஒன்று உண்டு. வெள்ளைக் கல்லில் இருப்பது, தொழிற்சாலையில் செய்த குருந்தம். உலகம் அதை 'கொரண்டம்' என்பது நம் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததுதான்! அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் 1891-இல் புதிய அரைபொருள் ஒன்றைக் கண்டபோது அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே 1954-இல் சென்னையில் ஒரு கம்பெனியும் தொடங்கியது.

இனி மாட்டுகிற விஷயம். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான். உலர்ந்த கல்லைத் துளை வழியே விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் விளிம்போரம் நான்கு இடத்தில் மெல்லத் தட்டுங்கள். 'கிணீர்' என்றால் மாட்டலாம். 'டொக்' என்றால் விரிசல். தயவு பார்க்காமல் உடைத்துப் போடுங்கள். ஆறு அங்குலக் கல் நிமிஷத்துக்கு 2,850 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. களியக்காவிளை பஸ் கூட அந்த வேகம் போகாது! அது சிதறினால் கண்ணா, கழுத்தா என்று பார்க்காது. கல்லில் எழுதியுள்ள உச்ச வேகம் மோட்டாரின் வேகத்துக்குக் குறையக் கூடாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இயந்திரத்துக்கு எதிரே நின்றால் இடப்பக்க நட்டுக்கு மறை எதிர்த்திசை. வலப்புறம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு ஸ்பானரே வளைந்தது. துளை தண்டில் தானாக நுழைய வேண்டும்; தட்டி ஏற்றக் கூடாது. இருபுறமும் காகித வட்டு இருக்கட்டும். நட்டைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினாலும் கல் விண்டுவிடும். கத்தியைத் தாங்கும் தட்டுக்கும் கல்லுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். மூடியைப் பூட்டி, கண்ணாடி அணிந்து, ஒதுங்கி நின்று ஒரு நிமிஷம் வெறுமனே ஓட விடுங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். பின்னல் முன்னால் தொங்க வேண்டாம்.

கல்லின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். அலுமினியச் சாமானைக் காட்டவே காட்டாதீர்கள். மணிகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும்.

அக்காவின் கத்தி என்னாயிற்று என்கிறீர்களா? வெள்ளைக் கல்லில் நீலம் போகும் வரை, தொட்டுத் தொட்டு, நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்கித் தேய்த்தோம். உள்வளைவைக் கைக்கல்லால் அவளே தீட்டிக்கொண்டாள். கத்தி அரை விரற்கடை குறைந்தது, ஆனால் வெட்டுகிறது. இப்போதெல்லாம் அவள் எங்கள் வீட்டுக்குக் கத்தியோடு வந்தால், கையோடு ஒரு சட்டித் தண்ணீரும் கொண்டு வருகிறாள்.