பழைய வண்டியும் நியாய விலையும்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படுகிறவருக்கு, ஏமாந்து போவோமோ என்ற பயம் உண்டு. பிறரை ஏமாற்றிவிடுவோமோ என்ற பயம் மட்டும் ஏனோ உண்டாவதில்லை!

சென்ற மாதம், நம்மிடம் படித்த வாலிபன் ஒருவனுக்குத் துணையாக, 13 வயதான 'புல்லட்' ஒன்றைப் பார்க்கச் சென்றோம். விற்பவர் கணவரை இழந்த ஓர் அம்மாள். வண்டியைக் கிளப்புமுன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதன் நோய் எளிதில் வெளிப்படாது. மூன்றாவது உதையில் உயிர் பெற்று, நீலப் புகை கக்கிற்று. உள்ளே எண்ணெய் எரிகிறதென்று அர்த்தம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்க வேண்டும். சங்கிலியும் டயர்களும் ஓய்வு கேட்டு நின்றன. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருந்தன. புத்தகமும் அம்மாளின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆனால் 15 வருஷக் கெடு முடிய இரண்டே வருஷம் பாக்கி. பிறகு பரிசோதனைக்குக் காட்டி, 5 வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.

"தரகர் இருபதாயிரம் என்றார். நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேட்டார் அம்மாள்.

வாலிபனின் முகம் மலர்ந்தது. நமக்கோ சங்கடம். நல்ல நிலையிலுள்ள அத்தகைய வண்டி ரூ. 70,000 பெறுமென்று முன்பே விசாரித்திருந்தோம். பழுதுச் செலவு ரூ. 20,000 கழித்து, ரூ. 50,000 என்றோம்.

வீடு திரும்பும்வரை வாலிபன் நம்மோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "ஸார், இருபதுக்கு வாங்கியிருந்தால் அந்தத் தெரு வழியே ஓட்ட எனக்கு மனம் வந்திராது" என்றான்.

குறைகளை இருவரும் அறிந்தபின் இருவரும் ஒப்பும் விலையே நியாய விலை. இப்போது அத்தெருவில் அவன் புகையின்றிப் போகிறான்.