ரிங்கிட் ஏறினால் ஓவர்டைம் ஏன் குறைகிறது?

மெர்சிங்: ரிங்கிட் வலுப்பெற்றது என்று செய்தி வந்தால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் உள்ள வீடுகள் அந்தச் செய்தியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

மெர்சிங் மீன்பிடியையும் செம்பனைத் தோட்டங்களையும் தீவுகளுக்கு வரும் சுற்றுப்பயணிகளையும் நம்பிய ஊர். தொழிற்சாலை வேலை வேண்டுமானால் குளுவாங், பாசிர் கூடாங், மூவார் என்று வெளியே போக வேண்டும். அங்குள்ள ஆலைகளில் பல டாலருக்கு விற்று, ரிங்கிட்டில் சம்பளம் கொடுக்கின்றன.

2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலர் 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. 100 டாலருக்கு விற்ற நாற்காலிக்கு 480 ரிங்கிட் கிடைத்த இடத்தில் 412தான். 1998 முதல் 2005 வரை 3.80 என்று கட்டி வைத்திருந்த காலத்தில் முதலாளிக்கு இந்தத் தலைவலி இல்லை.

எல்லா ஆலைக்கும் ஒரே அளவு அடி விழாது. மின்னணு ஆலைகள் உதிரிப் பாகங்களையும் டாலரில்தான் வாங்குகின்றன. விற்பனையில் இழப்பதில் ஒரு பகுதி அங்கே மிச்சமாகிறது. மூவாரின் மேசை நாற்காலித் தொழில் அப்படியல்ல. மரமும் உள்ளூர், கூலியும் உள்ளூர். (நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரம்தான் இன்று நாற்காலியாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறது.) போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி போட்டது.

முதலாளி எதைக் குறைப்பார்? அடிப்படைச் சம்பளத்தை 1,700 ரிங்கிட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஆகவே முதலில் போவது ஓவர்டைம். யாரையும் வேலையிலிருந்து நிறுத்தாததால் இது செய்தியாகவும் வராது. ஆனால் ஓவர்டைமையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுத்த கார்க் கடன் அப்படியே நிற்கும். ஓவர்டைம் பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை என்பதால் சேமிப்பிலும் அது ஏறியிருக்காது.

அடுத்த கட்டம் ஆட்குறைப்பு. அப்போது சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு; வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தானாக விலகியவருக்கு அது கிடையாது. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நல்லது" என்று யாராவது தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் சொக்சோ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.