முதலில் சத்தம், அப்புறம் வேகம்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? வடபழனி சிக்னலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனவரா? அப்படியானால் இந்த வாரம் உங்களுக்குத்தான். கிளட்ச் இல்லாத வாழ்க்கை பரம சுகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் புகார், அந்தச் சுகத்தை உங்களுக்கு விற்கிறவர்களைப் பற்றியது. மைலேஜ் பற்றி அவர்கள் சொல்வது பாதி உண்மை. பிக்கப் பற்றி அவர்கள் வாயே திறப்பதில்லை.

நான் பேசுவது சி.வி.டி. என்ற வகை ஆட்டோமேட்டிக் பற்றி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உங்கள் வீட்டு ஆக்டிவாவில் இருப்பதும் இதேதான். எண்பதுகளில் கைனெடிக் ஹோண்டா வந்தபோது 'கியரே கிடையாதாமே!' என்று தெருவே கூடி வேடிக்கை பார்த்ததே, அதுவும் இதுதான். இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புகள். கூம்புகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்க, ஐந்து கியர் ஆறு கியர் என்ற கணக்கே போய் இடைப்பட்ட எல்லா விகிதமும் கிடைத்துவிடுகிறது. படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம்.

காரில் இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர் ஹூப் வான் டோர்ன் என்ற நெதர்லாந்துக்காரர். 1958-ல் வந்த டாஃப் 600 அவருடையது. ரப்பர் பெல்ட், இரண்டே சிலிண்டர், 590 சி.சி. முன்னால் போகிற வேகத்திலேயே ரிவர்ஸிலும் போகக்கூடிய வண்டி. அதனால் பின்னாளில் டச்சுக்காரர்கள் பழைய டாஃப்களை வைத்துப் பின்னோக்கி ரேஸ் விட்டு டெலிவிஷனில் காட்டிச் சிரித்தார்கள். ரப்பர் போய், மெல்லிய எஃகுத் தகடுகளை நூற்றுக்கணக்கில் கோத்த பெல்ட் வந்தது. 1987-ல் சுபாரு ஜஸ்டி அதைப் போட்டுக்கொண்டது. இன்னொன்றையும் கேளுங்கள். 1993-ல் வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா ஒன் காரில் சி.வி.டி.யைப் பொருத்தி, டேவிட் கூல்ட்ஹார்டை வைத்து ஓட்டிப் பார்த்தது. அது ஒரு பந்தயத்துக்குக்கூட வரவில்லை. 1994 விதிமுறைகளில் சி.வி.டி.க்குத் தடை போட்டுவிட்டார்கள்.

ரேஸ் காரில் வேண்டாம் என்று தடை செய்யப்பட்ட சமாசாரம், நம் ஊர் பாலத்தில் ஏறும்போது மட்டும் ஏன் ஆமையாகிறது?

பெல்ட் செய்த பாவம் கொஞ்சம்தான். அதை டியூன் செய்தவர்கள் செய்த பாவம் அதிகம். நம் ஊரில் விற்கும் சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 90 குதிரைச் சக்தி என்று விளம்பரத்தில் போடுவார்கள். அந்த 90-ம் வருவது 6,000 சுற்றில். நீங்கள் நிதானமாகப் போகும்போது, பெட்ரோல் மிச்சம் பண்ணுவதற்காக, கம்ப்யூட்டர் அந்த என்ஜினை 1,500 சுற்றில் தூங்க வைத்திருக்கிறது. அங்கே கால்வாசிக் குதிரைகள்கூட விழித்திருக்காது. திடீரென்று ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறீர்கள். கப்பிகள் நகர வேண்டும், என்ஜின் நாலாயிரம் ஐயாயிரம் சுற்றுக்கு ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கே கொஞ்சம் சக்தி செலவாகிறது. ஆகவே முதலில் சத்தம் வருகிறது. மிக்ஸியில் கல் மாட்டினாற்போல ஒரு அலறல். அப்புறம்தான் வேகம் வருகிறது. ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி என்று ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான்.

மேனுவல் ஓட்டுகிறவர் முந்துவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு இறங்கித் தயாராக இருப்பார். அவர் மனசில் இருப்பது அவர் கைக்குத் தெரியும். சி.வி.டி.க்கு ஜோசியம் தெரியாது. நீங்கள் மிதித்த பிறகுதான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும்.

'ஒரு விநாடி தாமதம்தானே, என்ன பெரிய அவசரம்?' என்பீர்கள். சிட்டியில் ஒன்றுமில்லை. நான்கு வழிச் சாலையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் தடுப்பு இல்லாத இரண்டு வழிச் சாலைக்கு வாருங்கள். முன்னால் ஒரு பஸ் அறுபதில் போகிறது. எதிரே தூரத்தில் லாரி, அதுவும் அறுபது. உங்களுக்கும் அந்த லாரிக்கும் நடுவே உள்ள இடம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் சுருங்குகிறது. அதாவது விநாடிக்கு 33 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். உங்கள் கார் யோசிக்க எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு விநாடிக்கும் மூன்று பஸ் நீளம் போய்விட்டது. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். இதைத்தான் நம் விளம்பரங்களில் 'ஸ்மூத்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

ஷோரூமில் தரும் வழவழ காகிதத்தைப் புரட்டிப் பாருங்கள். கப் ஹோல்டர் எத்தனை, ஸ்பீக்கர் எத்தனை, எல்லாம் இருக்கும். நாற்பதிலிருந்து எண்பது வர எத்தனை விநாடி? அநேகமாக இருக்காது. நிஸான் மேக்னைட் டர்போவில் மேனுவலுக்கு 160 நியூட்டன் மீட்டர் இழுவிசை, சி.வி.டி.க்கு 152. அதே என்ஜின்தான். பெல்ட்டின் நலன் கருதிக் குறைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இந்த மாதிரி விஷயம் எட்டாம் பக்கத்துப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும். விற்கிற தம்பி அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வாங்கியவர்கள் முனகியதும் கம்பெனிகள் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அது இன்னும் தமாஷ். ஸ்டியரிங் பின்னால் இரண்டு காது வைத்து, '7 ஸ்பீடு' என்று எழுதினார்கள். இல்லாத கியரை எண்ணி ஏழு! சாய்தளத்தில் சாக்பீஸால் படி வரைந்த கதை. சி.வி.டி.யின் ஒரே பெருமை படி இல்லாததுதான். காதுக்குப் பழக்கமான சத்தம் வர வேண்டும் என்று அதையும் விட்டுக்கொடுத்தாயிற்று. டொயோட்டா 2018-ல் வேறு மாதிரி யோசித்து, கிளம்புவதற்கு மட்டும் நிஜமான ஒரு கியரைச் சேர்த்துவிட்டது. வேகம் பிடித்த பிறகு பெல்ட். இது நேர்மையான வைத்தியம். (ஹைபிரிட் கார்களில் இ-சி.வி.டி. என்று எழுதியிருக்குமே, அதில் இந்தப் பெல்ட்டே கிடையாது. அது வேறு ஜாதி. இந்தத் திட்டு அதற்கு இல்லை.)

இப்போது மைலேஜ். இங்கேதான் எனக்கு ரத்தக்கொதிப்பு.

2020-ல் வந்த ஹோண்டா சிட்டி பெட்ரோலுக்குச் சொல்லப்பட்ட மைலேஜ், மேனுவல் 17.8, சி.வி.டி. 18.4. 2024 டிசம்பரில் வந்த அமேஸுக்கு மேனுவல் 18.65, சி.வி.டி. 19.46. பார்த்தீர்களா, கிளட்சும் இல்லை, மைலேஜும் ஜாஸ்தி! லட்ச ரூபாய் கூடக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். இந்த எண்களில் பொய் கிடையாது. அங்கீகாரம் பெற்ற சோதனையில் வந்தவைதான். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேபில் உருளைகள் மேல் காரை ஏற்றி ஓட்டுகிறார்கள். ஏ.சி. கிடையாது. அதிகபட்ச வேகம் 90. நகரப் பகுதி என்று வைத்திருக்கும் கட்டத்தில், நின்ற இடத்திலிருந்து ஐம்பதைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரம் 26 விநாடி. இருபத்தாறு! நாளைக் காலை கத்திப்பாராவில் அப்படிக் கிளம்பிப் பாருங்கள். பின்னால் நிற்கும் எம்.டி.சி. டிரைவர் இறங்கி வந்து உங்கள் குடும்பத்தாரை நலம் விசாரிப்பார். இவ்வளவு பூப்போல மிதித்தால் சி.வி.டி. என்ஜினை அதன் இஷ்டமான சுற்றிலேயே வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். பரீட்சை அதற்காகவே வைத்தது போல இருக்கிறது.

நிஜ ரோட்டில் என்ன ஆகிறது? நகைக்கடைக்காரர் சொல்வாரே, சேதாரம். பற்சக்கரத்தைவிடப் பெல்ட்டில் சேதாரம் அதிகம். பெல்ட் வழுக்காமல் கூம்புகளை அழுத்திப் பிடிக்க ஒரு ஆயில் பம்ப் சதா வேலை செய்கிறது. அதுவும் பெட்ரோலில்தான் ஓடுகிறது. ஒரே சீராகப் போகும்போது என்ஜினில் மிச்சமாவது இந்தச் சேதாரத்தை ஈடுகட்டி மீதியும் தரும். பத்தடி நகர்ந்து நின்று பத்தடி நகர்ந்தால், மிச்சம் என்பதே கிடையாது, சேதாரம் மட்டும்தான். மேலே ஏ.சி.

என் வண்டியில் மூன்று மாதம் டேங்க் நிரப்பி, மறுபடி டேங்க் நிரப்பி, டயரியில் எழுதி வைத்தேன். வேளச்சேரிக்கும் தி.நகருக்கும் நடுவே லிட்டருக்கு பத்தரை. அதே வண்டி திருச்சி போகும்போது, தொண்ணூறைத் தாண்டாமல் போனால், பத்தொன்பது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு, பதினெட்டு என்று நம்பி வாங்கியதற்கும் பத்தரை என்று கிடைப்பதற்கும் வித்தியாசம் சுமார் 40 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தாலும் மாதம் நாலாயிரம். ஐந்து வருஷத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மேனுவல் வாங்கியிருந்தாலும் நம் டிராஃபிக்கில் அதுவும் குறையும், நிச்சயமாக. ஆனால் 'மேனுவலைவிட அதிகம்' என்று அவர்கள் காட்டிய அந்த முக்கால் கிலோமீட்டர்? அது கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறது.

சர்வீஸ் சென்டரில் சொன்னேன். அட்வைஸர் பையன் கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில்: 'உங்க டிரைவிங் ஸ்டைல் அப்படி ஸார்.' கணக்கைப் போட்டவனுக்குத் தப்பு தெரியவில்லை, கணக்கு கேட்டவனுக்கு நடத்தை சரியில்லை. சிக்னல் வைத்தது நானா? வெயில் அடிப்பது என் ஸ்டைலா?

வேறு தேசங்களில் இதைத் திருத்த முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்து ஏ.சி. போட்டு ஓட்டுவது, வேகமாக மிதிப்பது, குளிரில் கிளம்புவது எல்லாம் கணக்கில் சேர்ந்தது. காரின் கண்ணாடியில் ஒட்டும் தாளில் சிட்டிக்கு ஒரு எண், ஹைவேக்கு ஒரு எண். ஐரோப்பா 2017-ல் பழைய சோதனையை விட்டுக் கடுமையானதற்கு மாற ஆரம்பித்தது. நமக்கு மட்டும் தெரியாதா என்ன? 2023 ஏப்ரலிலிருந்து இங்கேயும் கார்களின் புகையை நிஜ ரோட்டில், கருவியைப் பின்னால் கட்டி அளக்கிறார்கள். புகையில் உள்ள கரியமில வாயுவை அளந்தால் எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வீட்டு ஏ.சி.க்கு நட்சத்திரம் கொடுக்கும்போது நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்கிறார்கள். பதினைந்து லட்ச ரூபாய்க் காருக்கு மட்டும் ஏ.சி.யே இல்லாத ஒற்றை எண் போதுமாம். சிட்டிக்கு ஒன்று, ஹைவேக்கு ஒன்று, நாற்பது–எண்பதுக்கு எத்தனை விநாடி என்று ஒன்று. இந்த மூன்றையும் ஷோரூம் கண்ணாடியில் பெரிதாக ஒட்டச் சொல்லிச் சட்டம் போட என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

'அப்போ மேனுவலே வாங்கிடட்டுமா ஸார்?' என்கிறீர்களா? வேண்டாம். உங்கள் முழங்கால் முக்கியம். ஏ.எம்.டி. என்று இன்னொரு ஆட்டோமேட்டிக் இருக்கிறது. விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு கியருக்கும் உங்களைத் தஞ்சாவூர் பொம்மையாக்கும். தினமும் ஊருக்குள் மட்டும் போய்வருகிறவருக்கு சி.வி.டி. மாதிரி இதம் வேறு இல்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: முந்தப் போகும் சில விநாடிகளுக்கு முன்பே, பஸ்ஸின் பின்னால் இருக்கும்போதே, லீவரை எஸ்ஸுக்குத் தள்ளிவிடுங்கள். என்ஜின் மேல் சுற்றில் தயாராக நிற்கும். அந்த யோசிக்கும் நேரம் வெகுவாகக் குறையும். திடீர் மிதியைவிட, பாதி வரை அழுத்திப் பிடிப்பதற்கு இந்தப் பெல்ட் நன்றாக மசியும். வால்பாறையின் நாற்பது ஊசிமுனை வளைவுகளிலும் இறங்கும்போது டி-யில் வராதீர்கள். வண்டி பாட்டுக்கு உருண்டு ஓட, நீங்கள் பிரேக்கைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். எஸ் அல்லது எல் போடுங்கள், என்ஜின் பிடித்துக்கொள்ளும். சி.வி.டி. ஆயிலை மேனுவலில் போட்டிருக்கும் கணக்குப்படி மாற்றச் சொல்லுங்கள். 'அது லைஃப் டைம் ஸார்' என்று யாராவது சொன்னால், யாருடைய லைஃப் என்று கேளுங்கள்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு: டெஸ்ட் டிரைவ் என்று காலியான ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் கூட்டிப் போய், சீட் கவர் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பிவிடுவார்கள். விடாதீர்கள். வீட்டில் நாலு பேரையும் ஏற்றுங்கள். ஏ.சி.யை முழுசாக வையுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் போங்கள். ஏதாவது ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்னே பின்னே வண்டி இல்லாதபோது, முப்பதில் இருந்து அழுத்துங்கள். பின் சீட்டில் பையன் கையில் ஸ்டாப் வாட்ச். அறுபதுக்கு எத்தனை விநாடி என்று அவன் சொல்வதை எழுதிக்கொண்டு, அடுத்த ஷோரூமுக்குப் போய் அதே பாலத்தில் அவர்கள் வண்டியையும் ஏற்றிப் பாருங்கள்.