உழவர்கரையின் மேடும் நீரும்

இங்கிலாந்தில் ஒரு கவுண்டியைச் சேர்ந்த கிராமம் மற்றொரு கவுண்டியின் நடுவே தீவு போல் கிடந்த விநோதத்தை 1844-ஆம் ஆண்டின் பார்லிமெண்டுச் சட்டம் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. நம் புதுச்சேரியிலோ, பிரெஞ்சுக்காரர் காலத்துத் துண்டு நிலங்களின் எல்லை 1954-க்குப் பின்னும் மாறாது நிற்பதால், உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட காலாப்பட்டுக்குக் கடலோரச் சாலை வழியே போகிறவர், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, அப்பால் மீண்டும் புதுச்சேரி மண்ணை மிதிக்க வேண்டியிருக்கிறது.

2011 கணக்குப்படி 3 லட்சம் ஜனங்கள் வாழும், புதுச்சேரி நகராட்சியையே ஜனத்தொகையில் விஞ்சிய உழவர்கரையின் சுபாவத்தை அறிய விரும்புவோர் கோரிமேட்டிலும் லாஸ்பேட்டையிலும் அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் சற்று நின்று பார்க்கட்டும். கடப்பாரை பட்ட இடமெல்லாம் செம்மண் சரிகிறது. மரமும் வரப்பும் உள்ளவரை மழையை உள்ளிழுத்துக்கொள்ளும் அந்த மேடு, வெறுமையாக்கப்பட்டால் அதே மழையைத் தாழ்ந்த தெருக்களை நோக்கி விரட்டிவிடும்.

நீரின் அருமையை இந்தப் பிரதேசம் அறியாததன்று. ஆயி என்னும் தாசி தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லப்படும் முத்திரைப்பாளையத்திலிருந்துதான், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், கடலோர நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகப்பட்டது. அதன் ஞாபகமாக எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நீர் தந்த முத்திரைப்பாளையத்தை அங்கே படம் பிடிப்போர் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியபோது, கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க இராணுவமே வரவேண்டியதாயிற்று. அத்தகைய மழை எவ்வூரையும் திணறடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் வாய்க்கால்களைச் சுருக்கி, தாழ்ந்த நிலங்களை மேடாக்கி, மனைகளாகப் பிரித்து விற்றது மேகமன்று, நாம்தான்.

ஆகவே உழவர்கரைக்கு இப்போது அவசரமாக வேண்டுவது அலங்கார வளைவன்று; நீர் போகும் வழிகளின் முழுப் படம். எல்லைக் கற்கள் நீரைத் தடுப்பதில்லையாதலால், இரு நகராட்சிகளும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகமும் ஒருங்கே அமர்ந்து அதனைத் தயாரிக்க வேண்டும். கனகன் ஏரி முதல் பெயரற்ற கால்வாய் வரை அதில் இடம்பெற வேண்டும்; புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி கோரும் ஒவ்வொரு கோப்பிலும் அந்தப் படத்தின் பிரதி இணைக்கப்பட வேண்டும்.