நலவாழ்வுப் பகுதி: வயிறு ஒத்துக்கொள்ளாத உணவுகள்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது, பலர் வெளியே சொல்லக் கூசும் விஷயம். விருந்துக்கு அழைத்தால் "வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. பஜனைக்கு வந்தாலும் கதவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்காருகிறவர்கள் உண்டு. ஹாமில்டன் வரை காரில் போகவேண்டுமென்றால் காலையிலிருந்தே பட்டினி கிடக்கிறவர்களும் உண்டு. உண்டவுடன் வயிறு ஊதுதல், முறுக்கி வலித்தல், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல், இவையே காரணம். ஊரில் இதை வாய்வு என்றும் கிராணி என்றும் சொல்லி ஓமத் தண்ணீர் குடித்து நாளைக் கடத்துவோம். டாக்டர்கள் இதற்கு இட்டிருக்கும் பெயர் ஐ.பி.எஸ். தமிழில் குடல் எரிச்சல் நோய் எனலாம்.

குழாய் விட்டுப் பார்த்தால் இந்த நோயில் குடலில் புண்ணோ கட்டியோ இராது. இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். அதனால் வீட்டிலுள்ளோர், "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லிவிடுவதுண்டு. அது நியாயமன்று. குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புகளின் உணர்ச்சியும் மாறிப்போவதால் வரும் உண்மையான நோய் இது. 2016-ல் வகுக்கப்பட்ட ரோம் விதிகளின்படி, மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்கவேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் போகும் தடவையோ தன்மையோ மாறுவதோடு சேர்ந்ததாகவோ இருக்கவேண்டும்; இவற்றில் இரண்டாவது பொருந்தவேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். 33 நாடுகளில் எடுத்த கணக்கு 2021-ல் வெளியாயிற்று. அதன்படி வயது வந்தோரில் நூற்றுக்கு நாலு பேர் அளவில் இந்நோய் உள்ளது. பெண்களிடம் கூடுதல். ஊருக்குப் போன இடத்தில் கடுமையான வாந்திபேதி கண்டு தேறியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பின்னால் இது தங்கிவிடுவதும் உண்டு.

முதலில் செய்யவேண்டியது

உணவை மாற்றுமுன் டாக்டரிடம் போகவேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடற்புற்றுநோய் என இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை வாய்வு என்று தள்ளிவிடக்கூடாது. குடற்புற்றுநோய் மிகுந்த நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. இங்கே 60 முதல் 74 வயதுவரை உள்ளோருக்கான இலவசக் குடற்பரிசோதனைத் திட்டம் 2022-ல் நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. தொடங்கும் வயதை 58 ஆகக் குறைக்கும் முடிவை அரசு 2025-ல் அறிவித்தது. வீட்டுக்குத் தபாலில் வரும் அந்தச் சிறு பொட்டலத்தைக் கூச்சப்பட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய் இது. 2016-ல் வெளிவந்த இந்திய ஆய்வில் வட இந்தியரில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுமேல் காணப்பட்டது. தென்னிந்தியரில் ஆயிரத்துக்கு ஒருவரே. நமக்குக் குறைவு என்றாலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே அதைச் செய்யவேண்டும். நண்பர் சொன்னார் என்று சப்பாத்தியையும் ரொட்டியையும் பல வாரம் நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லையென்றே முடிவு வரக்கூடும்.

பாலின் கதை

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைப் பிரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குழந்தைப் பருவத்தில் நிறையச் சுரக்கும். உலக மக்களில் பெரும்பாலோருக்கு வளர வளர அது குறைந்துபோகும். 1981-ல் வெளியான ஆய்வொன்றில், லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் டெல்லிப் பக்கத்தில் நூற்றுக்கு 27 பேர் அளவிலும், தென்னிந்தியாவில் 66 பேர் அளவிலும் இருந்தனர். ஆகவே நம்மவரில் பலருக்கு இது நோயே அன்று, பிறவி இயல்பு. ஊரில் ஒரு தம்ளர் காப்பியில் ஒரு கரண்டிப் பால் விட்டுக் குடித்தவர்கள், பால் தாராளமாகக் கிடைக்கும் இந்த நாட்டுக்கு வந்தபின் காலையில் தானியத்தோடு ஒரு கிண்ணம், இடையிடையே பால் தேநீர், இரவில் ஐஸ்கிரீம் என்று ஏற்றிக்கொள்கிறார்கள். இயல்பு வெளிப்பட்டுவிடுகிறது.

இதற்காகப் பாலை அடியோடு விடவேண்டியதில்லை. நொதி குறைந்தவர்களிலும் பலர் ஒரு தம்ளர் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தாங்குவர். தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுவதால் தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நெய்யிலும் கெட்டிச் சீஸிலும் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். சுண்டக் காய்ச்சிய பாலில் செய்த பால்கோவாவும் டின் பால் ஊற்றிய பாயசமும்தான் அதிகம். கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பால் கிடைக்கிறது. ஏ2 பால் அதுவன்று. அதில் மாறியிருப்பது புரதமே, லாக்டோஸ் அப்படியே இருக்கிறது. பாலைக் குறைக்கும் பெண்களும் முதியோரும் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தை வேறு வழியில் பெறவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

வெங்காயம், பூண்டு, பருப்பு

பால் மட்டும் குற்றவாளி அன்று. மெல்பர்ன் நகரில் பீட்டர் கிப்சன் என்ற டாக்டரும் சூ ஷெப்பர்ட் என்ற உணவியல் நிபுணரும் 2005-ல் ஃபாட்மேப் என்ற பெயரை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சிறு மாச்சத்துகளின் கூட்டுப் பெயர் அது. இவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. குடல் விரிகிறது. எல்லாருக்கும் நடப்பதுதான் இது. ஐ.பி.எஸ். உள்ளவரின் நரம்புகளோ அந்த விரிவையே வலியாக உணர்கின்றன. மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 30 நோயாளிகளுக்கு 21 நாள் ஃபாட்மேப் குறைந்த உணவும், இன்னொரு 21 நாள் வழக்கமான உணவும் கொடுத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டனர். குறைந்த உணவில் தொல்லை ஏறக்குறைய பாதியாக இருந்தது.

நம் அடுப்பங்கரையில் இவை எவை? வெங்காயம், பூண்டு (யாழ்ப்பாணத்தார் உள்ளி என்பர்), கோதுமை ஆகியவற்றில் ஃபிரக்டான். பருப்பு, கடலை, ராஜ்மா, முந்திரியில் காலக்டான். மாம்பழம், ஆப்பிள், தர்ப்பூசணி, தேனில் மிகையான பழச்சர்க்கரை. காலிபிளவர், காளான், சர்க்கரையில்லா மிட்டாய்களில் பாலியால் எனும் இனிப்புகள்.

கோதுமையை விட்டதும் நலமானவர்கள் குளூட்டனைக் குறை சொல்வார்கள். சீலியாக் இல்லாத 37 பேரை வைத்து 2013-ல் மொனாஷில் சோதித்தபோது, ஃபாட்மேப் குறைந்த உணவிலிருந்த அவர்களுக்குக் குளூட்டனைத் தெரியாமல் கொடுத்தும் தனியாக எந்தத் தொல்லையும் காணவில்லை. பலருக்குப் பகையாவது கோதுமையிலுள்ள ஃபிரக்டானே எனக் கருத இடமுண்டு. அவர்கள் விலை கூடிய குளூட்டனில்லா ரொட்டியைத் தேடி அலையவேண்டாம். நம் இட்லியும் இடியப்பமும் இருக்கின்றன.

சமையலில் செய்யக்கூடியவை

ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் பொரித்து, பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், தொல்லை வராது. ஆனால் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தபின் எடுத்தெறிவதில் பயனில்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைச் சேர்க்கலாம். பெருங்காயம் நல்ல துணை. ஆனால் கடைப் பெருங்காயத் தூளில் கோதுமை மா கலப்பது வழக்கமாதலால் சீலியாக் நோயுள்ளோர் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கவேண்டும். பருப்பை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் காலக்டான் குறையும். மாவு புளிக்கும்போதும் அது குறைவதால் இட்லி, தோசை பலருக்கு இலகு. சோறு, உருளைக்கிழங்கு, காரட், கத்தரிக்காய், தக்காளி, கீரை, இஞ்சி, எலுமிச்சை, ஆரஞ்சு, அதிகம் பழுக்காத வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. புட்டும் இடியப்பமும் அரிசி மாவிலேயே இருக்கட்டும்.

கோயில் மடைப்பள்ளிகளில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அதற்குப் பெரியோர் சொன்ன காரணம் வேறு. இந்த நோயாளிகளுக்கு அது தற்செயலாக ஒரு பெரிய உதவியாயிற்று. எனினும் பிரசாதம் என்பதால் எல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணவேண்டாம்; சுண்டலும் பாற்பாயசமும் முந்திரி மிதக்கும் பொங்கலும் மேலே சொன்ன பட்டியலில் உள்ளவைதாம்.

ஆயுள் முழுதுக்கும் அன்று

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோறும் ரசமுமாக வருடக்கணக்கில் இருந்து உடல் மெலிந்துபோகிறார்கள். இம்முறையில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, இரண்டு முதல் ஆறு வாரம் வரை குறைத்தல். குணம் தெரியவில்லையென்றால் இந்த முறை உமக்கு உரியதன்று என விட்டுவிடலாம். இரண்டாவது, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தல். மூன்று நாள் பால் மட்டும், நாளுக்கு நாள் அளவைக் கூட்டி. பின் சில நாள் ஓய்வு. அடுத்து மூன்று நாள் கோதுமை. பின்னர் வெங்காயம், பூண்டு, பருப்பு என்று தனித்தனியே. உண்டதையும் வயிற்றின் நிலையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதவேண்டும். மூன்றாவது, ஒத்துக்கொண்டதை எல்லாம் மீண்டும் தாராளமாக உண்டு, ஒத்துக்கொள்ளாததை மட்டும் தாங்கும் அளவுக்குக் குறைத்தல். பருப்பு கால் கிண்ணம் ஒத்துக்கொள்ளும், ஒரு கிண்ணம் ஆகாது என்பதுபோல ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும். முதற்படியிலேயே நின்றுவிட்டால் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் குறைகின்றன. சைவ உணவினருக்குப் புரதமும் குறைகிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் ஆகியோர் உணவியல் நிபுணரின் மேற்பார்வையில்லாமல் இதில் இறங்கக்கூடாது.

நார்ச்சத்திலும் இரு வகை. 2009-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் இசப்கோல் பயன் தந்தது. கோதுமைத் தவிட்டால் அந்த அளவு பயனில்லை, சிலருக்குத் தொல்லை கூடவும் செய்தது. இசப்கோலைச் சிறிதாகத் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு கொள்ளவேண்டும். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இந்நாட்டுக் கிவிப் பழமே மருந்தாகும். கிறைஸ்ட்சர்ச், இத்தாலி, ஜப்பான் ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. தினம் இரண்டு பச்சைக் கிவிப் பழம் உண்டவர்களுக்கு மலம் தாராளமாகப் போயிற்று. வயிற்று உபாதையும் தணிந்தது.

மிளகாயின் காரம் வலி நரம்புகளைத் தூண்டும். எரிச்சல் உள்ளவர்கள் குறைக்கலாம். நாள் முழுதும் விரதமிருந்துவிட்டு இரவில் ஒரேயடியாக உண்பதும் குடலைக் கலக்கும். பழமும் மோருமாகச் சிறிது சிறிதாக முடிப்பது நல்லது. மனக்கவலையும் குடலை எட்டும். ஜெர்மனியில் 59 நோயாளிகளிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், யோகாசனம் பழகியவர்களும் ஃபாட்மேப் உணவில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு குணம் கண்டனர்.

கடைசியாக, விருந்து வைப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஒனிஹங்காவில் நம்மவர் ஒன்றுகூடும் இடங்களில் பாத்திரத்துக்குப் பக்கத்தில் "பால்", "வெங்காயம்", "பூண்டு", "கோதுமை", "முந்திரி" என்று ஒரு சீட்டு எழுதி வைத்தால் போதும். வேண்டாம் என்பவரை "கொஞ்சமாவது சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்தாமல், ஒரு கரண்டித் தயிர்ச்சோறு தனியே எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. அவர்களும் கதவோரம் நில்லாமல் நம்மோடு பந்தியில் அமர்வார்கள்.

தனிப்பட்ட ஐயங்களுக்கு உங்கள் குடும்ப டாக்டரையே கேளுங்கள். நடுராத்திரியிலும் ஆலோசனை கூறும் ஹெல்த்லைன் இலவசத் தொலைபேசி 0800 611 116. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். அடுத்த இதழில் நீரிழிவும் அரிசிச் சோறும் பற்றிப் பார்ப்போம்.