டர்போ கார் யாருக்கு?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர். தினமும் இந்த ரூட்டில் மட்டும் போய்வருகிறவர், கூடுதல் பணம் கொடுத்து டர்போ கார் வாங்க வேண்டுமா?

வெளியேறும் சூடான புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. ஹூண்டாய் வென்யூவில் வந்த 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜினின் சக்தி 83 பிஎஸ். அதைவிடச் சிறிய 1 லிட்டர் டர்போவுக்கு 120 பிஎஸ்! ஐந்து பேரும் லக்கேஜுமாகச் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் போகும்போது வித்தியாசம் புரியும். அடிக்கடி அப்படிப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

பஜார் நெரிசலில் கதையே வேறு. மெதுவாக உருளும்போது டர்போ விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பொறுமையில்லாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மைலேஜ் அடிவாங்கும். உள்ளூர் ஓட்டத்துக்குச் சாதா இன்ஜினே போதும்.

டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். அதைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் டர்போவையே மாற்ற வேண்டி வரலாம். அது பெரிய செலவு. ஹைவேயில் விரட்டி வந்து பால்கோவா கடை வாசலில் நிறுத்தினால், உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அதற்குள் வீட்டில் யாராவது போய் வரிசையில் நிற்கட்டும்!